பாலத்தில் 10 டன் பலகை: லாரி உரிமையாளர் ஒருவரின் கேள்விகள்

கேள்வி: ஐயா, வணக்கம். சொந்தமாக நான்கு டிப்பர் லாரிகள் வைத்து ஜல்லி ஏற்றும் தொழில் செய்கிறேன். கிரஷரிலிருந்து வேலை நடக்கும் இடத்துக்குப் போகும் நேர் வழியில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. மூன்று மாதம் முன்பு அங்கே "10 டன்னுக்கு மேல் தடை, தற்காலிகம்" என்று பலகை வைத்தார்கள். போன வாரம் முடிந்திருக்க வேண்டிய தடையை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள். சுற்றிப் போனால் நடைக்கு 38 கிலோமீட்டர் கூடுதல். ஒழுங்காக வரி கட்டி ஓட்டும் வண்டியைப் போகாதே என்று சொல்ல இவர்களுக்கு அதிகாரம் உண்டா? பஸ் மட்டும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. காலி வண்டியாகத் திரும்பும்போதாவது அந்த வழியில் வரலாமா? என் டிரைவர் ஒருவருக்கு அபராதம் விழுந்தது. பலகை மரக்கிளைக்குள் மறைந்திருந்ததால் பார்க்கவில்லை என்கிறார். இன்னொரு டிரைவர், "ராத்திரியில் ஒவ்வொரு வண்டியாக, மெதுவாக ஏற்றி இறக்கினால் பாலத்துக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கும். இது இன்று ராத்திரியே நடந்துவிடலாம். செய்யாதீர்கள். இதைப் படித்ததும் டிரைவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, அந்தப் பாலத்தில் நம் வண்டி ஏறக் கூடாது என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் டிரைவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது. மெதுவாகப் போனால் அதிர்வு குறையும். ஒரு நேரத்தில் ஒரு வண்டி என்றால் பாலத்தின் மேல் நிற்கும் மொத்தச் சுமை குறையும். பெரிய மின்மாற்றி ஏற்றிய டிரெய்லர் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும் என்றால் என் போன்ற பாலப் பொறியாளர்களே இதே நிபந்தனைகளைப் போட்டு அனுமதி தருவோம்: ஆள் நடக்கும் வேகம், பாலத்தின் நடுக்கோட்டில் ஓட்டம், இடையில் பிரேக் பிடிக்கக் கூடாது, அந்த நேரத்தில் வேறு வண்டி கூடாது. ஆனால் அந்த அனுமதிக்கு முன்னால் பாலத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்திருப்போம், கீழே இறங்கி ஒவ்வோர் உத்தரத்தையும் தட்டிப் பார்த்திருப்போம், டிரெய்லரின் ஒவ்வோர் அச்சுக்கும், அதாவது சக்கரங்களை இணைக்கும் ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும், தனித்தனியாகக் கணக்குப் போட்டிருப்போம்.

உங்கள் டிரைவருக்கு அந்தப் பாலத்தில் எது கெட்டிருக்கிறது என்று தெரியாது. உத்தரத்தில் விரிசலா? உத்தரம் உட்காரும் பேரிங் துருவேறி இறுகிவிட்டதா? தூணின் அடியில் இருந்த மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டதா? அடிமண் போன தூணுக்கு, நீங்கள் மெதுவாக வந்தீர்களா வேகமாக வந்தீர்களா என்பது பெரிய விஷயமே இல்லை. மெதுவாகப் போனால் அதிர்ச்சி குறையும், எடை குறையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பழைய கான்கிரீட் பாலத்தின் உத்தரத்தில் விரிசல் கண்டு, கனரக வண்டிகளுக்குத் தற்காலிகத் தடை போட்டிருந்தார்கள். விரிசல் அசைகிறதா என்று கண்காணிப்பது என் வேலை. அந்தக் காலத்தில் அதற்கு மெல்லிய கண்ணாடிப் பட்டைகள்தான். விரிசலின் குறுக்கே பட்டையை வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவிடுவோம். விரிசல் துளி அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மூன்று பட்டைகள் ஒட்டியிருந்தேன். தினமும் காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்ப்பேன். பதினோரு நாள் மூன்றும் முழுசாக இருந்தன. பன்னிரண்டாம் நாள் நடுப் பட்டை கத்தியால் கீறினாற்போல இரண்டாக நின்றது. மேலே ஏறிப் பார்த்தால் பாலத்தின் இணைப்பு இடைவெளியில் ஜல்லி சிதறிக் கிடந்தது. ராத்திரி யாரோ மெதுவாக, ஒரே ஒரு வண்டியாகத்தான் போயிருப்பார்கள்.

பாலம் விழவில்லை, யாருக்கும் அடி இல்லை. விரிசலின் அகலம் 0.3 மில்லிமீட்டரிலிருந்து 0.5 ஆகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று மாலையே எடை வரம்பை இன்னும் குறைத்தார்கள், அதில் பஸ்ஸும் நின்றது. அதற்குப் பிறகு வேலை முடியும்வரை அக்கரைப் பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு பாலத்தை நடந்து கடந்ததைத் தினமும் பார்த்தேன். அந்த லாரி டிரைவருக்கு இது தெரிந்தே இருக்காது. அவரைப் பொறுத்தவரை அந்த ராத்திரி பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாப் பாலமும் கண்ணாடி உடைத்து எச்சரிக்கை தருவதும் இல்லை. 1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பிரிட்ஜ், மாலை நேர நெரிசலில் வண்டிகளோடு ஆற்றில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய எஃகுச் சங்கிலிப் பட்டை ஒன்றில் இருந்த விரிசல்தான் காரணம். அதன் ஆழம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். 1928இல் அந்தப் பாலத்தைக் கட்டியபோது ஓடிய கார்களும் லாரிகளும் எடை குறைந்தவை. பாலம் அப்படியே இருக்க, மேலே ஓடும் வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போயின. இன்றைக்கு எடைத் தடை போடும் பழைய பாலங்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

சரி, இப்போது அதிகாரம் பற்றி. நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. எங்கிருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். சாலையைப் பராமரிக்கும் அமைப்புக்கோ அரசுக்கோ, பொதுமக்கள் பாதுகாப்புக்காகவும் சாலையைக் காப்பாற்றவும் குறிப்பிட்ட வகை வண்டிகளைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கும். வரி கட்டியிருப்பதால் எல்லாச் சாலையிலும் எல்லா நேரமும் எந்த எடையோடும் போகும் உரிமை வந்துவிடாது. சட்டப்படி போட்ட தடையால் தொழிலில் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்டுப் பெறுவதும் பெரும்பாலும் நடக்காது. இதை நீங்கள் ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் அந்த வழியில் பணமும் நாளும் செலவழிப்பதைவிட, அதே சட்டம் அந்த அதிகாரத்துக்குப் போட்டிருக்கும் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்வது உங்களுக்கு நல்லது. தடை போடும் அதிகாரத்தோடு கடமைகளும் சேர்ந்தே வருகின்றன.

இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 115ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்பு, வசதி, அல்லது சாலை, பாலத்தின் தன்மை ஆகிய காரணங்களுக்காகக் குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடுக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் இடம் தருகிறது. தடையை அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு மட்டும் அரசிதழ் தேவையில்லை, சூழ்நிலைக்கு ஏற்றபடி உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். இரண்டிலும், பொருத்தமான இடங்களில் பலகை வைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆக, அங்கே மூன்று மாதத் தடை என்றால் "அரசிதழ் அறிவிப்பு எங்கே?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

பிரிட்டனில் 1984ஆம் வருஷச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதே வேலையைச் செய்கிறது. சாலையிலோ பக்கத்திலோ வேலை நடக்கிறது, அல்லது பொதுமக்களுக்கு ஆபத்து, அல்லது சாலைக்குப் பெரிய சேதம் வரும் என்ற காரணங்களுக்காகத் தற்காலிக உத்தரவு போடலாம். சாதாரணமாக அதன் ஆயுள் 18 மாதம்வரை. அவசரம் என்றால் உத்தரவுக்குக் காத்திராமல் வெறும் அறிவிப்பிலேயே தடுக்கலாம். ஆனால் அந்த அறிவிப்பு ஆபத்தோ பெரும் சேதமோ காரணமானால் 21 நாள், மற்றவற்றுக்கு 5 நாள்தான் நிற்கும். கவனித்தீர்களா? இரண்டு சட்டமும் ஒரே மாதிரிதான் யோசிக்கின்றன. சின்ன அவகாசத்துக்குச் சுருக்கமான நடைமுறை, அவகாசம் நீள நீள நடைமுறையும் கனமாகிறது. உங்கள் நாட்டுச் சட்டத்திலும் இப்படி ஒரு படிக்கட்டு இருக்கும். உங்கள் தடை எந்தப் படியில் நிற்கிறது, நீட்டிப்பை அந்தப் படிக்குரிய முறையில் செய்தார்களா என்று பாருங்கள்.

அதனால் முதல் வேலை, பலகையை விட்டுவிட்டு உத்தரவின் நகலை வாங்குவது. பலகையில் இருப்பது சுருக்கம். உத்தரவில்தான் எந்தச் சட்டப் பிரிவு, எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை, என்ன எடை, யாருக்கு விலக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, மாற்றுப் பாதை எது என்பதெல்லாம் இருக்கும். என் அனுபவத்தில், தடையைப் பற்றிச் சண்டை போட வருகிறவர்களில் பத்துப் பேரில் ஒருவர்கூட உத்தரவைப் படித்துவிட்டு வருவதில்லை. படித்துவிட்டு வருகிறவர் கேட்கும் கேள்விக்கு எதிரில் இருக்கும் அதிகாரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உத்தரவில் எடை பற்றிய வரியை மட்டும் மூன்று முறை படியுங்கள். காலி வண்டிக் கேள்விக்கும் பஸ் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

"10 டன்" என்று பலகை சொன்னால் எந்த 10 டன்? பல நாடுகளின் சாலைப் பலகைகளுக்கு அடிப்படையான 1968ஆம் வருஷ வியன்னா ஒப்பந்தம் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. ஒன்று, அந்த நேரத்தில் சுமையும் ஆளும் சேர்த்து வண்டி உண்மையில் இருக்கும் எடை. இன்னொன்று, அந்த வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடையோடு ஓடலாம் என்று பதிவில் இருக்கும் எடை. மூன்றாவதாக, ஓர் அச்சின் மேல் இறங்கும் எடைக்குத் தனிப் பலகையே உண்டு. ஜெர்மனியில் ஒரு பலகை வண்டியின் உண்மையான எடையைக் கேட்கும், லாரிப் படம் போட்ட இன்னொரு பலகை பதிவு எடையைக் கேட்கும். முதல் வகையில் காலி வண்டி வரம்புக்குக் கீழே இருந்தால் போகலாம். இரண்டாம் வகையில் வண்டியில் ஒரு கல்கூட இல்லாவிட்டாலும் போகக் கூடாது. பிரிட்டனில் ஊருக்குள் லாரி வராமல் இருக்க வைக்கும் 7.5 டன் லாரிப் பலகையும் இந்த இரண்டாம் வகைதான்.

அப்புறம் உங்கள் விஷயத்தில் இன்னொன்று. முதல் வகை என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று அச்சு டிப்பர் காலியாகவே 10 டன்னைத் தொடும், பாடி கட்டின விதத்தைப் பொறுத்துத் தாண்டியும் போகும். தொட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஈரத் துகள், முழு டீசல் டேங்க், ஸ்டெப்னி எல்லாம் எடைதான். அதனால் "காலிதானே" என்று அனுப்பாதீர்கள். நான்கு வண்டியையும் காலியாக எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வையுங்கள். முடிந்தால் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். இந்தச் சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பஸ் விஷயம். ஆள் நிறைந்த பெரிய பஸ் 10 டன்னைச் சாதாரணமாகத் தாண்டிவிடும், நீங்கள் சொல்வது சரிதான். அது போகிறது என்றால் உத்தரவில் பஸ்ஸுக்கு விலக்கு இருக்க வேண்டும். அந்த விலக்கைப் பொறியாளர்கள் சும்மா கொடுப்பதில்லை. பஸ்ஸின் எடைக்கு ஓர் உச்சம் உண்டு, அதற்கு மேல் ஆள் ஏற முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை நடை என்பதும் முன்கூட்டியே தெரியும். ஜல்லி அப்படி இல்லை. தொட்டி நிறைந்த பிறகும் குவிக்கலாம், மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். தடை போடும்போது எங்கள் மனதில் ஓடுவது சராசரி வண்டி இல்லை, அந்தச் சாலையில் வரக்கூடிய மிக மோசமான ஒரே ஒரு வண்டி. நீங்கள் ஒழுங்காக ஏற்றுகிறவராகவே இருக்கலாம். ஆனால் பலகையால் உங்கள் வண்டியையும் ஓவர்லோடு வண்டியையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஒருவேளை உத்தரவில் பஸ்ஸுக்கு விலக்கே இல்லை என்றால், அதை உடனே எழுத்தில் தெரிவியுங்கள். நம்மை மட்டும் தடுக்கிறார்களே என்ற வருத்தத்துக்காகச் சொல்லவில்லை. அந்த பஸ்ஸுக்குள் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தடைக்குக் காரணம் பாலமா, சாலையா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாலம் என்றால் வண்டியின் மொத்த எடையும் அச்சுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதும் முக்கியம். சாலை என்றால் ஒவ்வோர் அச்சின் எடைதான் எல்லாம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் சோதனைச் சாலைகளைப் போட்டு, லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் எடை கூடக் கூடச் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய நான்காம் படியாகக் கூடுகிறது என்பது அதில் தெரிந்தது. அதாவது அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. 10 டன் தாங்க வேண்டிய அச்சில் 12 டன் ஏற்றினால், அந்த ஒரு நடை இரண்டு நடையின் சேதத்தைச் செய்துவிடுகிறது. இத்தனை வருஷமாக இந்தக் கணக்கைப் போட்டும், ஒவ்வொரு முறையும் எனக்கு அது மனதை உறுத்துகிறது. கிடைக்கும் கூடுதல் லோடு ஐந்தில் ஒரு பங்கு, சாலை இழக்கும் ஆயுள் ஒரு முழு நடை.

சாலையின் அடிமண்ணில் தண்ணீர் நிற்கும்போது நிலைமை இன்னும் மோசம். மேலே தார் காய்ந்திருக்கும், கீழே மண் களியாக இருக்கும். பனி உறையும் நாடுகளில் வசந்தத்தில் இதுதான் நடக்கிறது. உருகுவது மேலிருந்து தொடங்குவதால், கீழே இன்னும் உறைந்திருக்கும் மண் தண்ணீரை வடியவிடுவதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ச் முதல் மே வரையிலான அந்தப் பருவத்தில், தடைக்குட்பட்ட கான்கிரீட் சாலைகளில் அச்சு எடை வரம்பை 25 சதவீதமும் தார்ச் சாலைகளில் 35 சதவீதமும் குறைக்கிறார்கள். அங்கே லாரிக்காரர்கள் குளிர் முடிவதற்குள் கனமான சரக்கை எல்லாம் நகர்த்திவிடுகிறார்கள், தடைக் காலத்தில் அச்சு அதிகமுள்ள வண்டியில் குறைவாக ஏற்றுகிறார்கள். தடை வரும் என்று முன்பே தெரிந்தால் தொழிலை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள முடிகிறது. உங்களுக்கு வலிப்பது தடையைவிட, அது எப்போது முடியும் என்று தெரியாததுதான் என்று நினைக்கிறேன்.

நீட்டிப்புக்கு வருகிறேன். இங்கே நான் முழுக்க உங்கள் பக்கம். தற்காலிகம் என்று எழுதியவர், எதற்காகக் காத்திருக்கிறோம் என்றும் எழுத வேண்டும். நான் உத்தரவுக்குப் பரிந்துரை எழுதிய காலத்தில் என் மேலதிகாரி ஒருவர், "தடை நீங்க என்ன நடக்க வேண்டும் என்று ஒரு வரி எழுது, இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன்" என்பார். பேரிங் மாற்ற வேண்டுமா, தூணைச் சுற்றிக் கல் அடுக்க வேண்டுமா, சுமைச் சோதனை முடிவு வர வேண்டுமா? அந்த வரி இல்லாத தடை தானாக நீண்டுகொண்டே போகும். ஏனென்றால் பலகை வைத்ததும் ஆபத்து குறைந்துவிடுகிறது, ஆபத்து குறைந்ததும் கோப்பு அலமாரிக்குப் போய்விடுகிறது. ஆகவே எழுத்தில் கேளுங்கள்: கடைசியாகப் பாலத்தை ஆய்வு செய்த தேதி என்ன, 10 டன் என்ற எண் கணக்கிலிருந்து வந்ததா, முன்ஜாக்கிரதைக்கு வைத்ததா, பழுது வேலைக்கு ஒப்பந்தம் போட்டாயிற்றா, எந்த மாதம் தொடங்கும்? தகவல் அறியும் சட்டம் உள்ள நாடு என்றால் அதன் கீழேயே கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலைப் பார்த்தாலே தடை மூன்று மாதத்தில் முடியுமா, மூன்று வருஷம் ஓடுமா என்று ஓரளவு கணித்துவிடலாம்.

மூன்று வருஷம் என்று சொன்னதைப் பயமுறுத்த என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியின் லெவர்குசன் நகரத்தில் ரைன் ஆற்றின் மேல் 1965இல் திறந்த நெடுஞ்சாலைப் பாலத்தில், 2012 கடைசியில் விரிசல்களால் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சில மாதம் நிறுத்தினார்கள். பழுது பார்த்துத் திறந்தார்கள். 2014இல் மறுபடி தடை, இந்த முறை புதுப் பாலம் வரும்வரை. பலகையை மதிக்காமல் தினமும் லாரிகள் ஏறிக்கொண்டே இருந்ததால் 2016இல் எடை பார்த்துக் குறுக்கே விழும் தடுப்புக் கட்டையே வைக்க வேண்டியதாயிற்று. புதுப் பாலத்தின் முதல் பகுதி 2024 பிப்ரவரியில்தான் திறந்தது. விதி மீறிய ஒவ்வொரு லாரியும் அந்தப் பழைய பாலத்தில் கார்களும் போக முடியாத நாளைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்தது. இதனால்தான் உங்கள் டிரைவரின் ராத்திரி யோசனையை நான் இவ்வளவு நேரம் பேசினேன்.

அபராதம் விழுந்த டிரைவருக்கு வருவோம். அவர் சொல்வது உண்மையானால் அது நல்ல வாதம், ஆனால் சீக்கிரம் செயல்பட வேண்டும். கிளையை வெட்டிவிட்டால் ஆதாரம் போயிற்று. அவர் வந்த திசையிலேயே, லாரியின் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, கண் மட்டத்தில், தேதி தெரியும்படி படம் எடுங்கள். ரோட்டில் நின்று எடுத்த படம் பயன்படாது, அங்கிருந்து பார்த்தால் பலகை தெரியக்கூடும். பாலத்துக்கு 200 மீட்டர், 100 மீட்டர், 50 மீட்டர் முன்னால் என்று வரிசையாக எடுங்கள். இன்னொரு முக்கியமான இடம், நீண்ட வண்டி கடைசியாகத் திரும்பக்கூடிய சந்திப்பு. அங்கே முன்னறிவிப்புப் பலகை இல்லை என்றால், பாலத்தின் வாயில் வந்து நிற்கும் டிரைவருக்கு ரிவர்ஸில் போவதைத் தவிர வழி இல்லை, இரவில் அதுவே விபத்து. இதைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். அபராதச் சீட்டில் எந்தப் பிரிவு, எந்த நேரம், எடை போட்டார்களா வெறும் கண்ணால் பார்த்தார்களா என்பதையும் பாருங்கள். ஆட்சேபம் தெரிவிக்க நாள் குறைவாகத்தான் கொடுத்திருப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

ஒரே ஒரு தடவைதான் இந்த வாதம் நிற்கும். இப்போது உங்களுக்குத் தடை தெரியும், கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இனி டிரைவர் மாட்டினால் பொறுப்பு அவரோடு நிற்காது. நான் மேலே சொன்ன இந்தியச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 115ஆம் பிரிவுத் தடையை மீறி ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்டவைத்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிரைவருக்கு 38 கிலோமீட்டர் சுற்று என்றால் ஒரு நாளைக்கு ஒரு நடை போய்விடும். அந்த நஷ்டம் அவர் தலையில் விழுந்தால் அவர் பாலத்தில்தான் ஏறுவார், நீங்கள் வாயால் எவ்வளவு சொன்னாலும். தடை முடியும்வரை கூலியை நடைக்கணக்கிலிருந்து நாள்கணக்குக்கோ கிலோமீட்டர் கணக்குக்கோ மாற்றுங்கள். சரக்கு வாங்குகிறவரிடமும் உத்தரவின் நகலைக் காட்டி வாடகையைப் பேசுங்கள். கூடுதல் தூரம் உங்கள் விருப்பம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி விலக்கு. தடைக்குள் இருக்கும் இடத்துக்கே சரக்கு இறக்க வேண்டியவர்களுக்குப் பல உத்தரவுகளில் விலக்கு உண்டு. ஆனால் பாலத்தின் பலத்துக்காகப் போட்ட தடையில் பெரும்பாலும் அது இருக்காது, இருந்தாலும் எழுத்தில் உறுதி செய்யாமல் நம்பாதீர்கள். தனி அனுமதி கேட்பதாக இருந்தால் வெறும் வேண்டுகோள் எழுதாமல் பொறியாளருக்குக் கணக்குப் போடத் தேவையானதைக் கொடுங்கள்: ஒவ்வோர் அச்சின் எடைச் சீட்டு, அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம், குறைத்து ஏற்றினால் வரும் எடை, ஒரு நாளைக்கு எத்தனை நடை. எடைமேடைச் சீட்டின் இன்னொரு பயன் இதுதான். கணக்கு பாதகமாக வந்தால் அனுமதி கிடைக்காது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 10 டன் என்பது முன்ஜாக்கிரதைக்கு வைத்த எண் என்றால், உங்கள் சீட்டுகளே மறுகணக்குக்குக் காரணமாகலாம். காலி வண்டிகளை மட்டும் ஒரு திசையில் அனுமதிப்பது போன்ற சின்னத் திருத்தத்துக்குப் பொறியாளர்கள் ஒத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். திரும்பும் நடை நேர் வழியில் வந்தாலே உங்கள் கூடுதல் தூரம் பாதியாகிவிடும். அதே சாலையில் ஓடும் மற்ற லாரிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே மனுவாகக் கொடுங்கள், கேட்பவருக்கும் வேலை சுலபம்.

மாற்றுப் பாதையை நீங்கள் ஒரு முறை பகலில் ஓட்டிப் பாருங்கள். அங்கே பள்ளிக்கூடம், குறுகிய திருப்பம், தாழ்ந்த மின்கம்பி, இன்னொரு சின்னப் பாலம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாலத்தைக் காப்பாற்றத் திருப்பிவிட்ட லாரிகள் எல்லாம் அடுத்த பாலத்தில் ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சந்தேகமாக எதைக் கண்டாலும் அதையும் மனுவில் சேருங்கள்.

உத்தரவின் நகலும் நான்கு வண்டியின் எடைச் சீட்டும் கைக்கு வந்ததும், அச்சுகளின் இடைவெளியை டேப் வைத்து அளந்து எழுதி எனக்கு அனுப்புங்கள். மனுவில் எந்த எண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.